திருத்தப்பட்ட வினைமுற்று

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் என்று அந்தக் காவலரிடம் சொல்லிவிடுங்கள், மேடம். ஐம்பதைத் தாண்டியதும் வந்து ஒட்டிக்கொண்ட வியாதி. நீங்கள் நிதானமாகவே எழுதுங்கள். ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அழைக்கவில்லை, நானாக வந்தேன் என்பதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

பெயர் அரங்கநாதன். சொந்த ஊர் திருநாவலூர். அப்பாவுக்கு நிலம் இருந்தது, எனக்குப் படிப்பு இருந்தது. ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவன் சேகோ ஆலையில் என்ன செய்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல வருடங்களாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மலையிலிருந்து குச்சிக்கிழங்கு லாரி லாரியாக இறங்குகிறது. அதை அரைத்து மாவாகவும் ஜவ்வரிசியாகவும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வாங்குகிறவன் வருடம் தவறாமல் ஆய்வுக்கு ஆள் அனுப்புவான். அவன் படிப்பதற்காக ஆலையில் எல்லாத் தாளும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் நான். ஆவணப் பிரிவு மேலாளர் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பிரிவில் இருப்பது நானும் ஒரு கணினியும் ஒரு பிரின்டரும்.

ஷிஃப்ட் முடித்துப் போகும் சூப்பர்வைசர், என்ன செய்து முடித்தோம், அடுத்து வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று கணினியில் எழுதிவைப்பார். அது என் மேசைக்கு வரும். நான் திருத்தி, அச்செடுத்து, ஷிஃப்ட் அறை வாசலில் இருக்கும் பலகையில் ஒட்டச் செய்வேன். வாய்ப்பேச்சில் எதையும் ஒப்படைக்கக் கூடாது, பலகையில் இருப்பதுதான் உத்தரவு என்ற விதி என்னுடைய யோசனை. நல்ல விதி. ஆய்வுக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

சூப்பர்வைசர்கள் எழுதும் ஆங்கிலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெயர்ச்சொல் எவனுக்கும் வரும், மேடம். பம்ப், வால்வு, டேங்க், மோட்டார் எல்லாம் தமிழ்தான் இப்போது. வினைச்சொல்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரே பத்தியில் பம்ப் நேற்று ஓடும், நாளைக்கு ஓடியது, இப்போது ஓடியிருந்திருக்கும். செய்தது யார், செய்யப்பட்டது எது என்று கண்டுபிடிக்க ஜோசியரைக் கூப்பிட வேண்டும். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று காலத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். அதை அவிழ்த்துப் பிரித்து அடுக்குவதில் என் கண் கெட்டது.

எல்லோரிலும் மோசம் எழில்மதி.

ஆமாம், நீங்கள் சிறையில் வைத்திருக்கும் அதே பெண்தான். மலைமேல் கரியாலூர்ப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கிழங்கு பிடுங்கிப் பிழைப்பவர்கள். எப்படியோ டிப்ளமா முடித்துவிட்டாள். கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வந்தாள். வேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒரு மோட்டாரின் சத்தத்தை வைத்து அதற்கு என்ன கோளாறு என்று சொல்வதெல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் அதெல்லாம் மெக்கானிக் செய்யும் காரியம். எழுத உட்கார்ந்தால் 'ஈஸ்' தவிர வேறு வினை தெரியாது. நடந்ததற்கும் ஈஸ், நடப்பதற்கும் ஈஸ், நடக்க வேண்டியதற்கும் ஈஸ்.

சனிக்கிழமைகளில் நான் ஒரு வகுப்பு நடத்துவேன். அந்த வாரத்தின் மோசமான வாக்கியங்களைத் திரையில் போட்டு வாசிப்பேன். பெயர் சொல்ல மாட்டேன். சொல்லத் தேவையும் இருக்காது, எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சிரிப்பார்கள். அவளும் சிரித்திருந்தால் எனக்கு அவள்மீது ஒன்றும் இருந்திருக்காது. அழுதிருந்தாலும் சரி. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு, "சார், அப்போ அந்த எடத்துல இன்னா சார் போடணும்?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும். அடுத்த வாரம் மறுபடி அதே ஈஸ்.

வைகாசியில் ஒரு கூட்டம் நடந்தது. முதலாளி இருந்தார், எல்லா சூப்பர்வைசர்களும் இருந்தார்கள். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று முதலாளி வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நான் என் தாள்களை அடுக்க ஆரம்பித்திருந்தேன். எழில்மதி எழுந்தாள்.

"சார், ஷிஃப்ட் தாள தமிழ்லயே எழுதலாமா சார்? உள்ள வேலை செய்யறவங்க அல்லாரும் தமிழ்தான். ஆடிட்டுக்கு வேணும்னா அரங்கநாதன் சார் அப்பறமா இங்கிலீஷ் பண்ணிக்கட்டும். அவசரத்துல இங்கிலீஷ்ல எழுதறப்ப நான் சொல்ல வந்தது ஒண்ணு, பலகையில ஒட்டறது ஒண்ணா ஆயிடுது சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான்ம்மா. ஆடி கழியட்டும், மாத்திக்கலாம்" என்றார்.

இத்தனை வருடம் நான் கட்டிவைத்த ஒழுங்கு ஒரு தலையாட்டலில் போனது. நான் கோபப்படவில்லை. கோபம் என்பது சமமானவர்கள்மீது வருவது. ஈஸ் தவிர வேறொன்றும் தெரியாத ஒருத்தி, எனக்கு இனி என்ன வேலை என்று முடிவு செய்கிறாளே என்று எண்ணிக்கொண்டேன். அதைவிட, அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவும் இல்லை. வெளியே வந்ததும், "தப்பா நெனச்சுக்காதீங்க சார், ஒங்களுக்கும் வேலை கம்மியாவும்ல" என்று என்னிடமே சொன்னாள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நேராக விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். வந்துகொண்டுதான் இருக்கிறேன், மேடம். வினைச்சொல்லுக்கு ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால் பொருள் மாறிவிடும்.

ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. கிழங்குக் கழிவு புளித்து அடியில் சேறாகக் கட்டும். அவ்வப்போது தண்ணீரை வடித்துவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி வாரிக் கொட்டுவார்கள். இறங்குவதற்கு முன் ப்ளோயரை, அதாவது பெரிய ஊதுவிசிறியை வைத்துக் காற்றடித்து உள்ளே நிற்கும் வாயுவை விரட்ட வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமில்லை. கொஞ்ச நேரத்தில் நாற்றமும் தெரியாமல் போய்விடும் என்பார்கள். நான் போய் முகர்ந்ததில்லை.

சம்பவத்தன்று காலை ஷிஃப்ட் எழில்மதி. தண்ணீரை வடித்து மூடியைத் திறந்துவைத்திருந்தாள். மதியத்துக்கு மேல் அடுத்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் கலையரசன் வர வேண்டும். அவள் எழுதியது என் கணினிக்கு வந்தது. மற்ற வரிகளை விடுங்கள். இரண்டு வரிதான் உங்களுக்கு வேண்டும். 'கேஸ் ஈஸ் க்ளியர் பை ப்ளோயர். தென் மென் கோ இன்சைடு.'

முதலில் ப்ளோயரை ஓட்டி வாயுவை வெளியேற்று, அதற்குப் பிறகு ஆட்களை இறக்கு. இதுதான் அவள் சொல்ல வந்தது. ஆனால் அது அவள் மனதில் இருந்தது, தாளில் இல்லை. தாளில் இருந்தது ஊனமான ஒரு வினைச்சொல். அதை நிமிர்த்த இரண்டு வழி உண்டு. கட்டளையாக்கலாம், அல்லது முடிந்த செயலாக்கலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். 'தி கேஸ் ஹாஸ் பீன் க்ளியர்டு பை தி ப்ளோயர். தி மென் மே கோ இன்சைடு.' வாயு வெளியேற்றப்பட்டுவிட்டது, ஆட்கள் உள்ளே போகலாம். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். எழுவாயும் வினையும் சரியாகப் பூட்டிக்கொள்கின்றன. காலம் துல்லியமாக நிற்கிறது. லண்டனில் இருப்பவன் படித்தாலும் ஒரு எழுத்தைத் தொட முடியாது.

அச்செடுத்து ஒட்டச் சொன்னேன். அவள் எழுதியதன் மேலேயே என்னுடையதைச் சேமித்தேன். அதுதான் என் வழக்கம். தப்பான வாக்கியங்களைப் பாதுகாத்து வைக்க என் கணினி என்ன அருங்காட்சியகமா?

தொட்டி என் ஜன்னலிலிருந்து தெரியும். தங்கமணி முதலில் இறங்கினான். தினக்கூலி ஆள், பக்கத்து ஊர். கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மேலே நின்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். பாதி ஏணிக்குக் கீழே போனதும் தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே நின்றவன் கத்தினான். கலையரசன் ஓடிவந்தான். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவனும் இறங்கினான். ஒரு சூப்பர்வைசர் செய்யக் கூடாத காரியம். ஆனால் இவர்களுக்கெல்லாம் யோசித்துச் செய்யும் பழக்கம் ஏது. அவனும் ஏறி வரவில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தது நான்தான். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய இரங்கல் செய்தியையும் நான்தான் எழுதினேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தவறான புரிதலில் நடந்தது, கவனக்குறைவு என்று யோசிக்கிறீர்கள். நானும் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் வரிசைக்காக இரண்டு விஷயங்களை நிறுத்திவைத்திருந்தேன். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. எழில்மதி கிளம்பும்போது என் அறைக்கு வந்தாள். அன்று ஊருக்குப் போகக் கரியாலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். "சார், ப்ளோயர் மோட்டாரு காயில் கட்ட டவுனுக்குப் போயிருக்கு. வந்து ஓட்டினப்பறம்தான் தொட்டியில எறங்கணும்னு போட்டிருக்கேன் சார். கலையண்ணன் இன்னும் வரல. சரியா எழுதியிருக்கனான்னு தெரியல, கொஞ்சம் பாத்துடுங்க சார்" என்றாள். பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

இரண்டு. பலகையைப் படித்துவிட்டுக் கலையரசன் படியேறி என்னிடம் வந்தான். "சார், ப்ளோயரு கண்ணுல படலியே. ஓட்டியாச்சா சார்?"

"தாளில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டேன்.

"க்ளியர்டுன்னு போட்டுருக்கு."

"க்ளியர்டு மட்டுமா?"

"ஹாஸ் பீன் க்ளியர்டு, சார்."

"ஹாஸ் பீன் என்றால் என்ன? சனிக்கிழமை நடத்தினேனே."

கொஞ்சம் யோசித்தான். "முடிஞ்சி போச்சின்னு சார்."

"அப்புறம் என்னை எதற்குக் கேட்கிறாய்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். சரியான விடை சொன்ன மாணவனின் சிரிப்பு. படியிறங்கிப் போனான். நான் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன்.

என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று கேட்கிறீர்கள். ஏதாவது ஒரு குழப்பம், யாருக்காவது மயக்கம், எழில்மதியைக் கூப்பிட்டு முதலாளி நாலு வார்த்தை கேட்பது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதாக நினைவு. அந்த வாயு ஆளைக் கொல்லும் என்பது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். பாதுகாப்புக் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதியவனே நான்தான்.

மறுநாள் முதலாளி அறையில் அந்தத் தாளை அவளுக்கு முன்னால் வைத்தார்கள். அவள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைய அசைய எழுத்துக்கூட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், ஹாஸ் பீன்னா முடிஞ்சதுன்னா அர்த்தம்?"

ஆமாம் என்றேன்.

"நான் ஈஸ்ஸு தானே சார் போட்டேன்?"

"போன வாரம்தானேம்மா ஹாஸ் பீன் நடத்தினேன்? நீகூட நோட்டில் எழுதிக்கொண்டாயே" என்றேன். "நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன்."

அவள் மறுத்துப் பேசுவாள் என்று தயாராக இருந்தேன். பேசவில்லை. ப்ளோயரைப் பற்றி என்னிடம் சொன்னதைக்கூட எடுக்கவில்லை. தன் வினைச்சொல்லின்மேல் அவளுக்கே நம்பிக்கை கிடையாது, மேடம். நான்தான் வாராவாரம் அந்த நம்பிக்கையைக் கிள்ளி எடுத்திருந்தேனே. "அப்போ நான்தான் சார் ரெண்டு பேரையும் கொன்னுட்டேன்" என்றாள். அதையேதான் உங்களிடமும் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டிருப்பாள். எனக்கு ஒரு சிரமமும் வைக்கவில்லை.

அவளுடைய அம்மா ரங்கம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். மலையிலிருந்து ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சார், எம்பொண்ணு சோறு தின்ன மாட்டேங்குதாம். ஜெயில்ல குந்திக்கினு, நான்தாம்மா கொன்னேன், நான்தாம்மா கொன்னேன்னே சொல்லிக்கினு கீது. எழுத்துல தப்பு வுட்டுட்டேன்னுது. எழுத்துல இன்னா சார் தப்பு? எனக்குப் புரியற மாரி சொல்லுங்க சார்."

சொன்னேன். எனக்குச் சொல்லித்தருவதில் எப்போதும் பொறுமை உண்டு. "உங்கள் வீட்டில் சோறு வடித்துவிட்டாய் என்று வைத்துக்கொள். வடித்துவிட்டேன் என்று சொன்னால் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரும். வடிக்கணும் என்று சொன்னால் வராது. உன் மகள் வடிக்கணும் என்பதற்கு வடித்துவிட்டேன் என்று எழுதிவிட்டாள்" என்றேன்.

"அதெப்படி சார்," என்றாள், "வடிக்காத சோத்த வடிச்சிட்டேன்னு எம்பொண்ணு எதுக்கு சார் சொல்லும்? சின்னதுலருந்தே அதுக்குப் பொய் வராதே சார்."

இது பொய் பற்றியதல்ல, இலக்கணம் பற்றியது என்று சொல்லி அனுப்பினேன். பலாப்பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குத்தான் சர்க்கரை.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் ஆகின்றன. ஷிஃப்ட் தாள் தமிழுக்கு மாறவில்லை. மாறாக, என் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் பலகையில் ஏறக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். சனிக்கிழமை வகுப்புக்கு இப்போது எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. ஈஸ் எழுதினால் உடனே அடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் நன்றாகத் தூங்குகிறேன். தங்கமணியின் மனைவியைச் சந்தைப்பக்கம் ஒருமுறை பார்த்தேன். கும்பிட்டாள், பதிலுக்குக் கும்பிட்டேன்.

அப்படியானால் இன்று எதற்கு வந்தேன் என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். முகத்தில் தெரிகிறது. குற்ற உணர்ச்சி, கனவில் வந்தார்கள், சாமி கண்ணைக் குத்தியது என்று ஏதாவது எழுதிவிடாதீர்கள். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று ஆலைத் தரப்பு வக்கீல் முதலாளி அறைக்கு வந்திருந்தார். குற்றப்பத்திரிகையின் நகலைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினார். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அந்த இரண்டு வரி வந்த பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"அந்தப் பொண்ணு மலையிலருந்து வந்ததுன்னு சொன்னீங்க?" என்றார். "இங்கிலீஷ் இன்னாமா எழுதியிருக்குது! எங்க ஆபீஸ்ல ஜூனியருங்களுக்கு இந்த மாரி ஒரு வரி எழுத வராதுங்க. ஒரு தப்பு இல்லியே."

முதலாளியும் தாளை வாங்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நல்லாப் படிச்ச பொண்ணுதான். நல்லாத்தான் எழுதும் போல" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டக்கூட முடியவில்லை. ராத்திரி முழுக்கச் சுத்தமாகத் தூக்கமில்லை. ஈஸ்ஸைத் தாண்டத் தெரியாத ஒருத்தி. 'ஹாஸ் பீன்' என்றால் என்ன என்று என்னிடமே கேட்ட ஒருத்தி. அவள் பெயரில் அந்த வாக்கியம் நீதிமன்றத்துக்குப் போகப் போகிறது. நீதிபதி படிப்பார். வக்கீல்கள் படிப்பார்கள். மேல்முறையீட்டுக்குப் போனால் சென்னையில் படிப்பார்கள். படிக்கிற ஒவ்வொருவனும் அவளை மெச்சுவான்.

அதைத்தான் திருத்த வந்தேன். உங்கள் குற்றப்பத்திரிகையில் 'மேற்படி வாசகத்தை எழில்மதி எழுதினாள்' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு, அரங்கநாதனாகிய நான் எழுதினேன் என்று போடுங்கள். ப்ளோயர் ஓடவில்லை என்று தெரிந்தே எழுதினேன். கலையரசன் வந்து கேட்டபோது தெரிந்தே அனுப்பினேன். ஆம், மேடம், இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். அதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒரு நிமிடம் இருங்கள், நீங்கள் எழுதியதை முதலில் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுகிறேன். அந்தப் பெண்ணை நீங்கள் விடுவிப்பதோ வைத்திருப்பதோ உங்கள் பாடு. ஆனால் அவள் எழுதாத ஒன்றுக்காக அவளுக்குப் பேர் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.